ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பண்டத்தரிப்பில் செபநாயகம் உபதேசியாரைப் பற்றி எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு அடுப்பு எரிவதில்லை. மற்ற ஆறு நாளும் அவர் வாய் ஓய்வதில்லை. சனிக்கிழமை பின்னேரம் வடித்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் மத்தியானம் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டு, ஓய்வுநாளை ஆசரித்தார். அன்றைக்குச் சவரம் செய்யமாட்டார். வேலியில் சாய்ந்த கதியாலை நிமிர்த்தமாட்டார். ஒருமுறை அவருடைய பசு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கன்று ஈன்றபோது, அதற்காகவும் அவர் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு எந்தக் கிழமையிலும் இருந்ததில்லை.

உபதேசியார் என்றால் போதகருக்குக் கீழே, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பக்கத்தில், கோயிலில் மணி அடிக்கும் பேதுருவுக்குக் கொஞ்சம் மேலே. வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவதும், போதகர் வெளியூர் போனால் பிரசங்கம் செய்வதும் அவர் வேலை. அந்தப் பிரசங்கங்களுக்குச் சனம் விரும்பி வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. அவர் நடுவில் எபிரேயம் பேசுவார்.

எபிரேயம் அவருக்கு வந்த வழி இது. வாலிபத்தில் அவர் ஒரு கிழட்டு அமெரிக்கப் பாதிரியாரிடம் எழுத்து வேலைக்கு இருந்தார். எபிரேயச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி செய்யவேண்டும் என்பது துரையின் ஆசை. துரை சொல்லச் சொல்லப் பதினொரு வருஷம் செபநாயகம் துண்டுக் கடுதாசிகளில் எழுதினார். இருபத்திரண்டு எழுத்தில் இருபது எழுத்து முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கும்போது துரை முடிந்துபோனார். கடுதாசிகளைப் பெட்டியில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். செபநாயகத்துக்கு மிஞ்சியது முந்நூறு சொல். அவற்றைக் கொண்டு ஒரு வசனமும் பேச முடியாது. ஆனால் யாரையும் மறித்துப் பேச முடியும்.

அந்த முந்நூறில் அவருக்கு உயிரான சொல் ஒன்று இருந்தது. கடைசியாக எழுதிய எழுத்தில் வருவது. ரீவ்.

"கிணத்தடியிலை ரெண்டு மேய்ப்பன் என்ரை தண்ணி, உன்ரை தண்ணி எண்டு கட்டிப் புரளுறது ரீவ்" என்று அவர் பிரசங்க மேடையிலிருந்து விளக்குவார். "பிறகு அதே ரெண்டுபேரும் ஊர்வாசலிலை பெரியாக்களுக்கு முன்னாலை நிண்டு நியாயம் பேசினால் அதுவும் ரீவ். ஒரு கைம்பெண்டாட்டிக்கு ஆளில்லையெண்டு அவளின்ரை பக்கம் எழும்பி வாதாடினால் அதுவும் ரீவ். இதெல்லாம் பெரிசில்லை. கேளுங்கோ. கர்த்தர் தம்முடைய சனத்திலை கோபங்கொண்டு என்ன செய்தார்? இடியை விட்டெறிஞ்சாரோ? இல்லை. மலையளைச் சாட்சிக்கு நிப்பாட்டிப்போட்டு வழக்குப் பேசினார். அதுவும் ரீவ்தான். சண்டையும் வழக்கும் எங்களுக்கு ரெண்டு. எபிரேயருக்கு ஒண்டு."

சண்டையிலேயே பாதி ஆயுளையும் மல்லாகம் கோட்டடியில் வழக்காடி மறுபாதியையும் கழித்த சனத்துக்கு இந்த உபதேசம் நன்றாகப் பிடித்திருந்தது. போதகர் சிமியோனுக்குப் பிடிக்கவில்லை. அவர் செபநாயகத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர், பங்களூரில் வேதசாஸ்திரம் படித்துத் தேறியவர், சாந்தகுணமுள்ளவர். கிறிஸ்தவன் கோட்டுக்குப் போவது கிறிஸ்தவனுக்கு வெட்கம் என்பது அவருடைய கொள்கை. உபதேசியாருக்கு அதுவரை வழக்கு ஒன்றும் இல்லாதபடியால் கொள்கையும் சொல்லும் ஒரே கோயிலுக்குள் சமாதானமாக இருந்தன.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துமூன்றில் சமாதானம் போயிற்று. அமெரிக்காவில் பணம் முடை என்று மிஷன் சங்கம் உபதேசிமாரின் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. செபநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரே மகள் கலியாணம் முடித்து மலாயாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவி றாகேலும்தான். ஆனாலும் இரண்டு வயிற்றுக்குப் பாதிச் சம்பளம் காணாது. றாகேல் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உங்கடை அப்பு விட்டுட்டுப் போன மூண்டு பரப்புக் காணியும் சும்மா காய்ஞ்சு கிடக்குது. மிளகாய் வைச்சால் என்ன?"

"தண்ணிக்கு எங்கை போறது?"

"பங்குக் கிணத்துக்குத்தான். உங்களுக்கும் ஒரு நாள் இருக்கெல்லே?"

இருந்தது. அது எந்த நாள் என்பதில்தான் கதை இருக்கிறது.

செபநாயகத்தின் தகப்பனார் கந்தர், சைவக் கமக்கார வீட்டில் மூத்த பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போய், படிப்போடு ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டு வந்தார். அந்தக் கோபம் ஆறாமலே தகப்பன் பின்னாளில் காணியில் பெரும்பங்கை இளையவனுக்கு எழுதிவிட்டு, மூத்தவனுக்கு மூன்று பரப்பு விட்டார். கிணறு பொது. தண்ணீர் முறையைக் கிழமை நாளாகப் பிரித்தார்கள்: விடிந்தது முதல் பொழுது படும்வரை அன்றைக்கு யாருடைய முறையோ அவர் இறைக்கலாம். இளையவனுக்கு ஆறு நாள், மூத்தவனுக்கு ஒன்று. எந்த ஒன்று என்று உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு பேனையை எடுத்தபோது கிழவர் சொன்னாராம்: "ஞாயித்துக்கிழமை உவன்ரை தேவனுடைய நாள் எண்டு சொல்லுறான். அதையே எழுது."

கந்தருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தகப்பன் தன் மார்க்கத்துக்கு மரியாதை செய்துவிட்டார் என்று நினைத்து உறுதியில் கையெழுத்து வைத்தார். ஓய்வுநாளில் ஒரு பட்டை தண்ணீர்கூட இறைக்கக் கூடாது என்பது அவருக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவு வந்தது. வாத்தியார் உத்தியோகம் இருந்ததால் அவர் தோட்டம் செய்யவில்லை. தண்ணீர் வீணாகப் போகக்கூடாது என்று இளையவன் ஞாயிற்றுக்கிழமையும் இறைத்தான். அவனுக்குப் பிறகு அவன் மகன் பொன்னம்பலம் இறைத்தான். இப்படி நாற்பத்துநான்கு வருஷம்.

செபநாயகம் பொன்னம்பலத்திடம் போய் வேறு ஒரு நாளுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். பொன்னம்பலம் புகையிலைக்காரன், வசதியும் வாயும் உள்ளவன், ஒன்றுவிட்ட தம்பி முறை.

"மாத்துறதோ? என்னத்தை அண்ணை மாத்துறது? மாத்துறதுக்கு உங்களிட்டை ஒண்டு இருக்கவேணுமே. ஞாயிறும் நாங்கள்தான் இறைக்கிறம். பத்து வருசம் ஆண்டால் ஆண்டவனுக்குச் சொந்தம் எண்டு சட்டம் இருக்கு, கேட்டுப் பாருங்கோ."

செபநாயகம் கேட்டுப் பார்த்தார். மல்லாகத்தில் வழக்குகள் பார்க்கும் பிறக்கிராசி தியாகராசா, காணி உறுதியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார்.

"பத்து வருசக் கதை மெய்தான் காணும். ஆனால் உம்மடை நாளை உம்மடை நாள் எண்டு தெரிஞ்சுகொண்டு, உம்மடை தயவிலை இறைச்சிருந்தால் நூறு வருசமெண்டாலும் செல்லாது. தயவிலை இறைச்சவை எண்டு அவை ஒருநாளும் சொல்ல மாட்டினம். நீர் ஒண்டு செய்யும். வாற ஞாயிறு பட்டையோடை போய்க் கிணத்தடியிலை நில்லும். அவை மறிப்பினம். மறிச்சால் வழக்கு."

"மறிக்காட்டில்?"

"மறிக்காட்டில் இறையும்" என்றார் பிறக்கிராசி, அதில் என்ன கஷ்டம் என்று விளங்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் போகும் வெள்ளை வேட்டி சால்வையோடு, கையில் பனையோலையில் பின்னிய இறைப்புப் பட்டையையும் பிடித்துக்கொண்டு உபதேசியார் கிணற்றடிக்குப் போனார். மறிப்பார்கள் என்று நூற்றுக்கு நூறு நம்பித்தான் போனார். கிணற்றுக்கு மேலே ஏறியிறங்கும் துலா மரத்தில் இரண்டு கூலியாட்கள் மிதித்துக்கொண்டு நின்றார்கள். வரப்பில் பொன்னம்பலம் சுருட்டோடு குந்தியிருந்தான்.

"வாருங்கோ அண்ணை. கோயிலுக்குப் பட்டையும் கொண்டு போறதோ இப்ப?"

"என்ரை முறைக்கு வந்திருக்கிறன்."

பொன்னம்பலம் எழும்பினான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். வந்தது சிரிப்பு.

"எடே, துலாவை நிப்பாட்டுங்கோடா! அண்ணை இறைக்கப் போறார்." கூலியாட்கள் இறங்கினார்கள். "ஞாயிறு உங்கடை நாள்தானே அண்ணை, ஆர் இல்லையெண்டது? பெரியப்பருக்கு எழுதிக் குடுத்த நாளெல்லே? நாங்கள் சும்மா அதைக் காவல் காத்தம். இறையுங்கோ, இறையுங்கோ. நாங்கள் ஒரு பக்கத்திலை நிண்டு பாக்கிறம்."

உபதேசியார் கிணற்றுக்குள் பார்த்தார். தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. கோயிலில் முதல் மணி அடித்தது. பட்டையைப் பிடித்த கை முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை.

"கை கூசுதோ அண்ணை? மோட்ச வாசலைப் பூட்டிப்போடுவினம் எண்டு பயமோ?"

கூலியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒழுங்கை வேலிக்கு மேலால் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த போதகர் சிமியோன் சத்தத்துக்கு நின்றுவிட்டார். உபதேசியார் வேலிப் படலையைத் திறந்து ஒழுங்கைக்கு வந்தார். வீட்டுக்குப் போய்வர நேரமில்லாதபடியால் பட்டையோடு கோயிலுக்குப் போய், முன் வரிசை வாங்கில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் பாடவில்லை.

திங்கட்கிழமை, தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் பிறக்கிராசியிடம் போனார்.

"மறிச்சவரோ?"

"இல்லை. இறைக்கச் சொன்னவர்."

"என்ன சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்."

செபநாயகம் சொன்னார். பிறக்கிராசி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கடை நாள். எழுதிக் குடுத்த நாள். காவல் காத்தம். எட மனுசா, பகிடி பண்ண வெளிக்கிட்டு அவர் வழக்கை உம்மடை மடியிலை தூக்கிப் போட்டிருக்கிறார்! பத்து வருச ஆட்சி கிணத்துக்குள்ளை விழுந்துபோச்சு. கேட்டது ஆர்?"

"அவரின்ரை கூலியாக்கள்."

"அவை சாகும்வரை செவிடர். வேறை?"

"போதகர்."

பிறக்கிராசி சிரித்த சிரிப்புக்கு வெளியில் நின்ற கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கே கேள்விக் கடிதம் போயிற்று. பொன்னம்பலம் இப்போது கோட்டில் வாதாட ஓர் அப்புக்காத்தைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு உட்பட ஏழு நாளும் தன்னுடையதே என்று பதில் எழுதினான். வழக்கு வைத்தாயிற்று.

சாட்சிக் கட்டளை கிடைத்த அன்று பின்னேரம் போதகர் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். றாகேல் கோப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

"உபதேசியார், வழக்கை வாபஸ் எடும். சகோதரனோடை கோட்டிலை நிக்கிறது எங்களுக்கு அழகில்லை."

"அவர் சைவக்காரன், ஐயா. கோயிலிலை நீங்கள் சொல்லுற சகோதரன் கணக்கிலை அவர் வரமாட்டார். எங்கடை பாட்டன்ரை கணக்கிலைதான் வருவார். அந்தக் கணக்கிலை வழக்குத்தான் பேசுறது."

"அன்புக்கு மிஞ்சி ஒரு நியாயம் உண்டோ?"

"நீங்கள் பரீட்சைக்கு எபிரேயம் படிச்சனீங்கள். ரீவ் எண்டால் என்ன?"

போதகர் பெருமூச்சு விட்டார். "சண்டை. வாக்குவாதம்."

"பாதிதான் படிச்சிருக்கிறியள். அடிக்கிறவனும் கத்துறவனும் கோபத்திலை நிக்கிறான். வழக்குப் பேசுறவன் எதிராளியையும் ஒரு மனுசனாய் மதிச்சு, 'வா, நீயும் சொல்லு, நானும் சொல்லுறன், கேக்கிறவன் கேக்கட்டும்' எண்டு கூப்பிடுறான். கர்த்தர் தம்முடைய சனத்தை அவ்வளவு மதிச்சார். அதுதான் அந்தச் சொல்லுக்குள்ளை இருக்கிற அன்பு. நீங்கள் சொல்லுற அன்பு, வாயைப் பொத்திக்கொண்டு கன்னத்தைத் தடவுறது."

"நீர் என்னைச் சாட்சிக் கூட்டிலை ஏத்துறீர்."

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டுதான் ஏத்துறன். ஊரிலை அப்பிடி வேறை ஆர் இருக்கினம்?"

இது புகழ்ச்சியா ஏளனமா என்று தெரியாமலே போதகர் எழும்பிப் போனார்.

விசாரணை ஒன்றரை வருஷம் இழுத்து, மூன்று தவணை தள்ளிப்போய், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பொன்னம்பலத்தின் அப்புக்காத்து யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்தவர். அவர் செபநாயகத்தைக் கூட்டில் வைத்துச் சுற்றினார்.

"நீரோ உம்முடைய தகப்பனோ ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்தக் கிணற்றில் இறைத்ததுண்டா?"

"இல்லை."

"ஏன்?"

"ஓய்வுநாள்."

"ஞாயிற்றுக்கிழமை இறைப்பது பாவம் என்று நம்புகிறீர்?"

"ஓம்."

"அப்படியானால் பாவம் செய்வதற்கு உரிமை தரும்படியா இந்தக் கோட்டைக் கேட்கிறீர்?"

கோடு சிரித்தது. செபநாயகம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிரசங்கம் செய்தவருக்கு அது தெரியும்.

"உரிமை இல்லாதவன் பாவத்தை விட்டு விலகினதிலை என்ன புண்ணியம், ஐயா? தண்ணி என்ரையாய் இருந்தால்தானே நான் இறைக்காமல் விடலாம். இப்ப நான் இறைக்காமல் விட்டதெல்லாம் பொன்னம்பலத்தின்ரை கணக்கிலை போகுது."

மொழிபெயர்க்கும் முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு தரம் முயன்றார். நீதவான் கையை உயர்த்தி, விளங்கிவிட்டது என்றார்.

பிறகு போதகர் சிமியோன் ஏறினார். கூட்டில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்: உங்கடை நாள், எழுதிக் குடுத்த நாள், காவல் காத்தம். மோட்ச வாசலைப் பற்றிய வார்த்தையையும் விடவில்லை. கோட்டுக்குப் போகக்கூடாது என்று பத்து வருஷம் பிரசங்கித்த மனிதரின் வாயால் வழக்கு வென்றது. ஞாயிற்றுக்கிழமை முறை வழக்காளிக்கே உரியது என்று நீதவான் தீர்த்தார். தீர்ப்பின் முடிவில், இரு பகுதியும் நாளை மாற்றிக்கொள்வது புத்தி என்று ஒரு வசனம் சேர்த்தார். அது புத்திமதி; கட்டளை அல்ல.

செபநாயகம் அந்த வாரமே மூன்று பரப்பையும் கொத்தி மிளகாய்க் கன்று வைத்துவிட்டார். வென்றவனோடு நாளை மாற்றாமல் பொன்னம்பலம் என்ன செய்யப்போகிறான் என்பது அவருடைய எண்ணம். போதகரும் அப்படியே நினைத்தார். தாமே பொன்னம்பலத்தின் வீட்டுக்குப் போய், செவ்வாயைக் கொடுத்து ஞாயிறை எடுக்கும்படி கெஞ்சினார். வெறுங்கையோடு உபதேசியார் வீட்டுக்கு வந்தார்.

"என்ன சொன்னவர்?"

"கோடு ஞாயிறு எண்டு சொல்லிப்போட்டுது, கோட்டை மதிக்கவேணும் எண்டு சொன்னார். ஞாயிறு அவருக்கு, அதிலை ஒரு சொட்டும் நான் தொடமாட்டன், மற்ற ஆறிலை ஒரு சொட்டும் அவர் தொடக்கூடாது எண்டார்."

 "கெட்டிக்காரன்" என்றார் செபநாயகம்.

"உபதேசியார், இதை நான் சொல்லத்தான் வேணும். நீர் ஞாயிற்றுக்கிழமை கிணத்தடியிலை நிண்டால் நான் சங்கத்துக்கு எழுதவேணும். எழுதினால் உத்தியோகம் போம். ஓய்வுநாளை மீறின உபதேசியாரை நான் எப்படி வைச்சிருக்கிறது?"

"மெய்தான். வைச்சிருக்க ஏலாது" என்று அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார் உபதேசியார்.

தனிக் கிணறு தோண்டலாம். சுண்ணாம்புக் கல்லை வெடி வைத்துப் பிளக்க வேண்டும். அந்தச் செலவுக்கு அவருடைய தோட்டத்தை இரண்டு தரம் விற்கவேண்டும். சனிக்கிழமை வரை றாகேல் மிஷன் வளவுக் கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினார். முந்நூறு கன்றுக்கு ஊற்றி முடிய முதற் கன்று காய்ந்திருக்கும். சனி பின்னேரம், சோறு வடிக்க வேண்டிய நேரத்தில், அவர் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தபோது, புருஷன் மேசையில் கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆருக்குக் கடிதம்?"

"கடிதமில்லை. வழக்கு. வழக்காளி, கந்தர் மகன் செபநாயகம், பண்டத்தரிப்பு."

"எதிராளி?"

அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் மேலே பார்த்தார். றாகேல் வாங்கில் உட்கார்ந்தார்.

"வாசியுங்கோ."

"ஒண்டு. ஆறு நாள் தண்ணியை மற்றவன்ரை கையிலை குடுத்தது ஆர்? ரெண்டு. மிச்ச ஒரு நாளைத் தொடாதை எண்டது ஆர்? மூண்டு. ரெண்டையும் ஒருத்தரே செய்துபோட்டு, பிழை என்னிலை எண்டு சொல்லுறது எந்த ஊர் நியாயம்? நாலு. நாற்பத்தாறு வருசம் நானும் என்ரை தகப்பனும் உமக்காக விட்ட தண்ணி முழுக்கப் புகையிலைக்குப் போச்சுது. அதுக்கு நீர் சொல்லுற சமாதானம் என்ன?"

"இப்பிடிக் கேக்கலாமோ?"

"அவர்தான் முதலிலை வழக்குப் பேசத் தொடங்கினவர். பழக்கினவர் கோவிக்கக்கூடாது. அந்தச் சொல்லு ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவில்லை, றாகேல். அவர் மனுசனிலை வைக்கிற வழக்குக்கும் ரீவ். மனுசன் அவரிலை வைக்கிற வழக்குக்கும் ரீவ். நான்தானே அந்தத் துண்டை எழுதினனான்."

"சாட்சி?"

"அவர் மலையளைக் கூப்பிட்டவர். யாழ்ப்பாணத்திலை மலைக்கு எங்கை போறது? கீரிமலையிலையும் மலை இல்லை."

"மிளகாய்க் கண்டைக் கூப்பிடுங்கோ. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது, நல்லாய்ச் சாட்சி சொல்லும்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்தார். "தீர்ப்பு எப்ப வருமோ தெரியாது."

"அதுவரைக்கும்?"

"தடைக்கட்டளை ஒண்டும் என்ரை கையிலை கிடைக்கேல்லை. வேலை நடக்கலாம்."

துலா மிதிக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவன் வரமாட்டான். பொன்னம்பலத்துக்குப் பயந்து மற்றவனும் வரமாட்டான். மணியடிக்கும் பேதுரு ஒருவன்தான் ஓம் என்றான்.

"பேதுரு, யோசிச்சுச் சொல்லு. ஓய்வுநாளிலை வேலை செய்யிறது."

"நான் எப்பவும் ஞாயித்துக்கிழமைதானே ஐயா வேலை செய்யிறனான்" என்றான் பேதுரு. "மணி அடிக்கத்தானே சம்பளம். போதகர் ஐயாவுக்கும் அண்டைக்குத்தான் வேலை கூட. மற்ற நாளிலைதான் நாங்கள் ரெண்டுபேரும் ஓய்வு."

இருபத்தைந்து வருஷம் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கித்த செபநாயகம், விடிய முன் கிணற்றடிக்கு வரும்படி அவனுக்குச் சொன்னார். 

விடிய முன்னமே மூன்று பேரும் கிணற்றடியில் நின்றார்கள். பொழுது கிளம்பியதும் பேதுரு துலாவில் ஏறினான். செபநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டையைக் கிணற்றுக்குள் விட்டார். தண்ணீரில் அது தட்டிய சத்தம் கேட்டதும் ஒரு கணம் நின்றார். வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. துலாக்கொடியைப் பிடித்து இழுத்தார். முதற் பட்டை தொட்டிக்குள் விழுந்தது. தோட்டத்தின் மறு தலையில் றாகேல் மண்வெட்டியோடு பாத்தி திறந்து காத்திருந்தார்.

பொன்னம்பலம் வேலியோரத்துக்கு வந்தான். சுருட்டு வாயில் அணைந்துபோயிருந்தது.

"அண்ணை, மெய்யாய் இறைக்கிறியளோ?"

"கோட்டை மதிக்கவேணும், தம்பி."

"உத்தியோகம் போகுமே, அண்ணை! விசரே உங்களுக்கு? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, செவ்வாய்க்கிழமையைத் தாறன்."

இப்போது அவனுடைய குரலில் பகிடி இல்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தான். அடுத்தவன் கும்பிடுகிற கடவுளின் நாளை அவனே உடைக்கும்படி தள்ளிவிட்டோமே என்ற பயம் அது.

"தரத்தான் வேணுமெண்டால் நாளைக்கு நொத்தாரிசிட்டை வா. என்ரை ஞாயிறைத் தந்து உன்ரை செவ்வாயை எடுக்கிறன் எண்டு எழுதவேணும். தயவெண்டு எழுதினால் கிழிச்சுப்போடுவன். இண்டைக்கு இது என்ரை நாள். தள்ளி நில்."

எட்டு மணிக்குப் பேதுரு ஓடிப்போய் முதல் மணியை அடித்துவிட்டு ஓடி வந்தான். இரண்டாம் மணியை மறந்துபோனான். துலா மிதிக்கிற தாளத்தில் ஏதோ கீர்த்தனை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மணி எப்படி நினைவு வரும்? சனம் கோயிலுக்குள் இருந்து வாசலைப் பார்த்தது. மணி கேளாமல் ஆராதனை தொடங்கியதில்லை. கடைசியில் போதகர் சிமியோன் நீளமான வெள்ளை அங்கியோடும் மினுக்கிய சப்பாத்தோடும் மணியடிப்பவனைத் தேடிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். துலாவின் மேலே அவனைக் கண்டார். கீழே உபதேசியாரைக் கண்டார். தோட்டத்துக்குள் வந்து, நடு வாய்க்காலில் நின்றார்.

"உபதேசியார்! நீர் மேடையிலை நிண்டு படிப்பிச்ச தேவ கட்டளை இது. உம்முடைய கையாலை உடைக்கிறீர்."

"ஓம். என்ரை கையாலைதான். ஆரும் பிடிச்சுத் தள்ளேல்லை."

"மனம் வருந்திச் சபைக்கு முன்னாலை ஒரு வார்த்தை சொல்லும். நான் சங்கத்துக்கு எழுதாமல் விடுறன். ஒரே ஒரு வார்த்தை."

செபநாயகம் நிறைந்த பட்டையைத் தூக்கி, தொட்டிக்குள் கவிழ்த்தார்.

"வருத்தம் இல்லை, ஐயா. வழக்கு இருக்கு. வழக்கு முடியாமல் மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒத்துக்கொண்டமாதிரி. நீங்கள் எழுதுங்கோ. கோவிக்கமாட்டன். நான் அந்த இடத்திலை இருந்தால் நானும் எழுதுவன்."

"உத்தியோகம் இல்லாமல் என்ன செய்யப்போறீர்?"

"முன் வாங்கிலை வந்து இருப்பன். அதுக்குச் சங்கத்தின்ரை சம்பளம் தேவையில்லை."

போதகர் எதையோ சொல்ல வாயெடுத்தார். தோட்டத்தின் மறு தலையில் றாகேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இங்கே பார்த்துக் கையைக் காட்டினார். அங்கே இன்னும் பாத்தி நனையவில்லை. துலா மறுபடியும் இறங்கியது.

"போதகர் ஐயா" என்றார் செபநாயகம், "வாய்க்காலுக்குள்ளை நிக்கிறியள். கொஞ்சம் விலகுங்கோ, தண்ணி வருகுது."